பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள்

காலையில் செல்ஃப் எடுக்காத படகுக்குத் துறைமுகத்தில் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "இதைவிடப் பெரிசா ஒண்ணு போடுங்கண்ணே." 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) இறங்கிப்போனால் 130, அதுவும் இறங்கினால் 150, அதற்கும் அடங்காவிட்டால் இரண்டாகப் போட்டு இணைத்துவிடுவது. புதுசு போட்ட சில மாதங்களுக்கு எல்லாம் ஒழுங்காகவே ஓடும். அதனால் இந்த வைத்தியத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மறுபடி இறங்கும்போது பழி கம்பெனியின் மேல் விழும். அடுத்த தடவை வேறு பிராண்டு.

வைத்தியமே தப்பு என்கிறேன். பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. போட்டதை வைத்திருந்து, கேட்கும்போது கொஞ்சம் குறைத்துத் திருப்பித் தருகிறது. போடுவதற்கு வழி இல்லாத படகில் எவ்வளவு பெரிய பேட்டரி வைத்தாலும் காலியாகும் நாள்தான் தள்ளிப்போகும். முதலில் இரவுச் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும். அடுத்து, அதைத் திருப்பிப் போடும் சார்ஜ். மூன்றாவது, கம்பி. இந்த மூன்றும் முடிவான பிறகுதான் பேட்டரிக் கடைக்குப் போக வேண்டும். நம் துறைமுகங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

பெரிய பேட்டரிக் கட்சியிடம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பல விசைப்படகுகளில் ஓடுவது லாரி இன்ஜின் குடும்பத்து டீசல் இன்ஜின். லாரி பேட்டரி எந்த ஊரிலும் கிடைக்கும். பழையதைக் கொடுத்தால் ஈயத்துக்கு விலை கழிப்பார்கள். மெக்கானிக்குக்குப் பழகிய சாமான். விடியுமுன் போய் மதியம் திரும்பும் படகுக்கு அது போதும். ஆனால் அப்பா காலத்துப் படகில் பேட்டரிக்கு இருந்த வேலை இன்ஜினைக் கிளப்புவதும் ஒன்றிரண்டு பல்பு எரிப்பதும்தான். இன்று அதே பேட்டரியின் தலையில் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ், ஏ.ஐ.எஸ்., தளத்தில் வரிசையாக எல்.இ.டி. விளக்கு, ஆளுக்கொரு செல்போன். தொழிலும் ஒருநாள் கடலிலிருந்து தங்குகடலுக்குப் போய்விட்டது. பேட்டரியைப் பற்றிய யோசனை மட்டும் அப்பா காலத்திலேயே நிற்கிறது.

லாரி பேட்டரி எதற்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். அமிலம் படும் பரப்பு கூடுவதால், செல்ஃப் மோட்டார் கேட்கும் 300 ஆம்பியரைச் சட்டென்று எடுத்துக் கொடுக்கும். ஐந்து விநாடியில் வேலை முடிந்துவிடும். கணக்குப் போட்டால் அந்த ஐந்து விநாடியில் செலவானது அரை ஏ.எச்.கூட இல்லை. உடனே ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். லாரியில் அந்தப் பேட்டரி வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய நிறைந்தபடியே இருக்கும். அதையே இரவு முழுக்கப் பாதி வரை இறக்கி, பாதி சார்ஜ் ஏற்றி, மறுநாள் மறுபடி இறக்கினால் மெல்லிய தகட்டிலிருந்து பூச்சு உதிர்ந்து அடியில் சேரும். அப்படி ஆழமாக இறக்குவதைச் சில பத்து முறையிலிருந்து அதிகம் போனால் நூற்றைம்பது முறை வரைதான் அது தாங்கும். தடித்த தகடு போட்ட டீப் சைக்கிள் பேட்டரியும், நேர்மின் தகட்டைக் குழாய் குழாயாகச் செய்த டியூபுலர் பேட்டரியும் இந்த வேலைக்காகவே பிறந்தவை. அவற்றால் செல்ஃப் எடுப்பது சிரமம். இரண்டும் வேறு வேறு தொழில். ஒரே ஆளை வைத்து இரண்டையும் ஓட்டுவதுதான் இங்கே நடக்கிறது.

இனி இரவுக் கணக்கு. மாலையில் செவுள் வலையை விட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, விடியும்வரை ஓட்டத்தோடு கிடக்கும் ஒரு படகை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 12 மணி நேரம். வழிகாட்டும் விளக்குகள் 1 ஆம்பியர் வீதம் 12 ஏ.எச். வலை விடவும் வாங்கவும் எரியும் தளவிளக்குகள் 4 ஆம்பியர் வீதம் ஐந்து மணி நேரம், 20. ஜி.பி.எஸ்.ஸும் எக்கோவும் சேர்ந்து 2 ஆம்பியர், இரவு முழுக்க 24. வயர்லெஸ் கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர். பேசும் நேரத்தையும் சேர்த்தால் 7. செல்போன்களுக்கு 8. மொத்தம் 71 ஏ.எச். 150 ஏ.எச். பேட்டரியில் ஒரே இரவில் கிட்டத்தட்டப் பாதி காலி.

அந்த 71ஐத் திரும்பப் போடச் சுமார் 80 முதல் 85 ஏ.எச். வரை உள்ளே போக வேண்டும்; ஈய பேட்டரியில் சார்ஜின் ஒரு பங்கு சூடாகவும் வாயுவாகவும் வீணாகும். கரைக்கு மூன்று மணி நேர ஓட்டம் என்று வையுங்கள். முதல் ஒரு மணி நேரம் பேட்டரி ஆசையாக வாங்கும். 80 சதவீதத்தைத் தாண்டியதும் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதம் ஏற நான்கைந்து மணி நேரம் வேண்டும். அது படகுக்குக் கிடைப்பதே இல்லை. ஏலம் முடிந்து, ஐஸ் ஏற்றி, டீசல் பிடித்து மாலையில் மறுபடி கடல். ஒவ்வொரு இரவும் முந்தைய இரவைவிடக் கொஞ்சம் குறைந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. நிறையாமல் கிடக்கும் தகட்டில் ஈய சல்பேட் படிகமாக இறுகும். இறுகிய இடம் மறுபடி சார்ஜை வாங்காது. மெக்கானிக் "செல் வீக்காயிடுச்சு" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த இடத்தில் 150ஐ எடுத்துவிட்டு 300 போட்டால் என்ன ஆகும்? பெரிய பேட்டரி நிறைவதற்கு முன் சற்றுக் கூடுதலான கரண்டை வாங்கும் என்பது உண்மை. ஆனால் ஆல்டர்னேட்டர் அதேதான், ஓடும் நேரமும் அதேதான். அன்றாடக் குறை 20 ஏ.எச். என்றால், 150இல் ஒரு வாரத்தில் தெரிய வேண்டியது 300இல் இரண்டு வாரம் கழித்துத் தெரியும். பெரிய பேட்டரி குறையை மறைக்கிறது. மறைந்திருக்கும் காலத்தில் இரட்டிப்பு விலையுள்ள தகடு சல்பேட் பிடிக்கிறது.

"இழுவைப் படகில் இன்ஜின் நாள் முழுக்க ஓடுதே, அங்கே எப்படி சார்ஜ் ஏறாமப் போகும்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில் இன்ஜினிலிருந்து பேட்டரிக்குப் போகும் கம்பியில் இருக்கிறது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிப் பெட்டி 6 மீட்டர் தள்ளி, 10 சதுர மில்லிமீட்டர் கம்பி, ஓடுவது 40 ஆம்பியர் என்றால், போகவர 12 மீட்டரில் கம்பி விழுங்குவது 0.84 வோல்ட். ஆல்டர்னேட்டர் வாயில் 14.2 இருந்தாலும் பேட்டரி பார்ப்பது 13.4 தான். இரண்டு பேட்டரியைப் பிரிக்க நடுவில் டயோடு வைத்த பிரிப்பான் இருந்தால் இன்னொரு 0.7 போய்விடும். 12.7 வோல்ட்டை வைத்து ஈய பேட்டரியை எத்தனை நாள் ஓட்டினாலும் நிறைக்க முடியாது. அதே தூரத்துக்கு 25 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.34ஆகக் குறைகிறது. டயோடுக்குப் பதில், இன்ஜின் ஓடி வோல்ட் ஏறியதும் இரண்டையும் இணைத்து, இறங்கியதும் பிரித்துவிடும் ரிலே போட்டால் அந்த இழப்பும் இல்லை. ஆக, புதுப் பேட்டரிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கம்பிக்குக் கொடுத்திருந்தால் பழைய பேட்டரியே ஓடியிருக்கும்.

24 வோல்ட் படகுகளில் இதைவிட மோசமான ஒரு பழக்கம் உண்டு. 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து இன்ஜினுக்கு 24 எடுக்கிறார்கள். வயர்லெஸ்ஸும் ஜி.பி.எஸ்.ஸும் 12 வோல்ட் கேட்பதால், இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுகிறார்கள். ஆல்டர்னேட்டருக்கு இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே தெரியும்: 28 வோல்ட் வந்தால் போதும் என்று அது நிறுத்திக்கொள்ளும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. இழுக்கப்படும் பேட்டரி 13இல் கிடக்க, இழுக்கப்படாதது 15க்கு ஏறிக் கொதிக்கும். ஒன்று பட்டினியில் சாகிறது, மற்றது அஜீரணத்தில் சாகிறது. இரண்டு பேட்டரியின் மூடியையும் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்: ஒன்றில் தகடு தெரியும் அளவுக்குத் தண்ணீர் வற்றியிருக்கும், இன்னொன்றில் தண்ணீர் நிறைய இருக்க, ஹைட்ரோமீட்டர் மிதவை எழாமல் கிடக்கும். செத்ததை மட்டும் மாற்றிப் பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் அதே வழியில் போகும். பரிகாரம் 24ஐ 12ஆக மாற்றும் ஒரு கன்வெர்ட்டர். அதை இரண்டின் முழு 24 வோல்ட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். பேட்டரியோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு.

"தண்ணியே ஊத்த வேண்டாம், மெயின்டனன்ஸ் ஃப்ரீ போடுங்க" என்பது அடுத்த யோசனை. கடலில் டிஸ்டில்ட் வாட்டர் தேடுகிறவனுக்கு இது இனிக்கும். ஆனால் மூடிய பேட்டரியில் வற்றிய நீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. அதிக வோல்ட் வந்தால் தண்ணீர் ஊற்றும் பேட்டரி பிழைக்கும், இது பிழைக்காது. இன்ஜின் அறையின் சூடு அடுத்த எதிரி: 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் கணக்கு. 45, 50 டிகிரியில் வேகும் இன்ஜின் அறையில் வைத்துவிட்டுப் பராமரிப்பே வேண்டாம் என்றால் அந்தச் செலவைக் கடைக்காரருக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்க்கும் வசதியும் போய்விடுகிறது. சார்ஜ் வோல்ட்டைச் சரியாக வைத்து, பெட்டியை இன்ஜின் அறைக்கு வெளியே காற்றோட்டமாக வைக்க முடிந்தால் மூடிய பேட்டரி நல்லதுதான். அந்த நிபந்தனையை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

பெரிய பேட்டரிக் கட்சியின் புது அவதாரம் லித்தியம். "லித்தியம் போட்டா கவலையே இல்லை" என்கிறார்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியின் சிறப்புகளை நான் மறுக்கவில்லை. எடை குறைவு, ஆயிரக்கணக்கான முறை இறக்கி ஏற்றலாம், முக்கியமாகப் பாதி சார்ஜில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இரவெல்லாம் இன்ஜின் அணைந்து கிடக்கும் செவுள் வலைப் படகுக்கும் தூண்டில் படகுக்கும் இதைவிடப் பொருத்தமான சாமான் இல்லை. ஆனால் அதைப் பழைய சார்ஜ் அமைப்பில் அப்படியே மாட்டினால்? அது கரண்டைக் குறைத்துக்கொள்ளாது. ஆல்டர்னேட்டர் கொடுப்பதையெல்லாம் கடைசிவரை வாங்கும். மெதுவாகச் சுற்றும் இன்ஜினில் ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், காயில் கருகும். நிறைந்ததும் உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் படாரென்று துண்டித்தால், போக இடமில்லாத வோல்ட் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடையும் ஜி.பி.எஸ்.ஸையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம். இறங்கும்போதும் அப்படித்தான். ஈய பேட்டரி விளக்கு மங்கி முன்னறிவிப்புக் கொடுக்கும். லித்தியம் கடைசிவரை 13 வோல்ட் பக்கமே நின்றுவிட்டுத் திடீரென இருட்டாகும். வோல்ட் மீட்டர் பார்த்து அளவு சொல்ல முடியாது. போனது, வந்தது இரண்டையும் எண்ணும் ஷண்ட் மீட்டர் வேண்டும். நடுவில் கரண்டைக் கட்டுப்படுத்தும் டி.சி. டு டி.சி. சார்ஜர் வேண்டும். இன்ஜின் கிளப்ப ஈய பேட்டரி தனியாக வேண்டும். ஆக, லித்தியம் வாங்குகிறவனும் முதலில் வாங்க வேண்டியது சார்ஜ் அமைப்பைத்தான்.

சோலார் பலகைக்கும் இதே அளவுகோல். 100 வாட் பலகை நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 30 ஏ.எச். தரும், மேலே சொன்ன 71இல் பாதிகூட இல்லை. கம்பத்தின் நிழலோ கட்டிய வலையோ ஒரு மூலையில் விழுந்தால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். ஆனால் சோலார் மெதுவாக, நாள் முழுக்க ஊட்டுவதால் ஆல்டர்னேட்டர் விட்டுப்போன அந்தக் கடைசி 20 சதவீதத்தை ஏற்றிவிடும். அதன் உண்மையான பயன் அதுதான். அதை விட்டுவிட்டு, "சோலார் போட்டா இன்ஜினே வேண்டாம்" என்கிற பேச்சு வியாபாரம். ஃபைபர் படகில் பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தானே நிற்காத மலிவுச் சார்ஜரில் விடிய விடிய விட்டால் பேட்டரி கொதித்து வற்றும். 100 ஏ.எச். ஈய பேட்டரிக்கு 10 ஆம்பியர் அளவில், நிறைந்ததும் தானே இறங்கும் சார்ஜர் போதும்.

இது வெறும் பணக்கணக்கு என்று நினைப்பவர்கள் வயர்லெஸ் பெட்டியைப் பார்க்கட்டும். கேட்டுக்கொண்டிருக்கையில் அது அரை ஆம்பியர்தான் எடுக்கும். 25 வாட்டில் பேச மைக்கை அழுத்தினால் 5, 6 ஆம்பியர் இழுக்கும். பாதி இறங்கிய பேட்டரி, தளவிளக்குப் பாரத்தில் 11.7இல் நிற்கிறது என்று வையுங்கள். 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் பேசும் நேரத்தில் 0.7 வோல்ட் அதிலேயே போய்விடும். பெட்டிக்குக் கிடைப்பது 11. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 13.8 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. பலவற்றின் கீழ் எல்லை 11.7. விளைவு: பக்கத்துப் படகு பேசுவது கணீரென்று கேட்கும், பதில் சொல்ல அழுத்தினால் திரை அணைந்து மறுபடி எரியும். "செட் ரிப்பேர்" என்று மைக்கைத் தட்டுவார்கள். செட்டில் ஒரு குறையும் இருக்காது. காற்று எழும்பிய இரவில், 16ஆம் சேனலில் உதவி கேட்க வேண்டிய நேரத்தில் இது நடந்தால் யார் மேல் பழி போடுவது?

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் குமரி மாவட்டக் கடற்கரைக்குச் செய்ததை யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு கடலில் இருப்பவனோடு பேசும் கருவிகள் பற்றிய அக்கறை கூடியது. ஒரு லட்சம் படகுகளுக்குச் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் கருவிக்கு வேண்டிய மின்சாரம் கடைசியில் படகிலிருந்துதான் வர வேண்டும். கருவியைக் கொடுப்பவர்கள் அது மாட்டப்படும் கம்பியின் தடிமனையும் பேட்டரியின் வோல்ட்டையும் அளந்து பார்த்துவிட்டு மாட்டினால், அந்தப் பணத்துக்கு முழுப் பயன் கிடைக்கும். இன்ஜின் கிளப்பும் பேட்டரியைத் தனியே பிரித்து, விளக்கும் செல்போனும் அதைத் தொட முடியாதபடி வைப்பது எல்லாப் படகுக்கும் கட்டாயமாக வேண்டும். ஒவ்வொரு பேட்டரியின் நேர்மின் முனையிலிருந்து விளக்குக்கும் கருவிக்கும் போகும் கம்பியில், ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வேண்டும். ஷார்ட் ஆனால் லாரி பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் கொடுக்கும். ஃபைபர் படகில் தீப்பிடிக்க அது போதும்.

கடைசியாக, தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் படகு கட்டிக் கிடக்கிறது. படகுக்கு வண்ணம் அடிக்கிறோம், வலை பின்னுகிறோம், இன்ஜினைப் பிரிக்கிறோம். கடைசி இரவில் பாதி இறங்கிய பேட்டரி அப்படியே பெட்டிக்குள் கிடக்கிறது. வெயிலில் அது தானாகவும் இறங்கிக்கொண்டே போகும். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் சல்பேட் இறுகிய தகடு. தடை முடிந்த வாரத்தில் பேட்டரிக் கடைகளில் கூட்டம் கூடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முழுசாகச் சார்ஜ் ஏற்றி, எதிர்மின் கம்பியைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை மறுபடி ஏற்றினால் அந்தக் கூட்டத்தில் நாம் நிற்க வேண்டியதில்லை.

"இதெல்லாம் படிச்சவன் பேச்சு, எங்களுக்கு இவ்வளவு கணக்குக்கு நேரமில்லை" என்பவர்களுக்கு ஒரே பதில். காற்றையும் நீரோட்டத்தையும், டீசல் லிட்டரையும் ஐஸ் பெட்டியையும் விரல் நுனியில் கணக்கு வைத்திருப்பவர்கள் நீங்கள். ஏ.எச். கணக்கு அதைவிடச் சுலபம். ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இன்ஜினை அணைத்து, விளக்கும் கருவிகளும் நிறுத்தி, சில மணி நேரம் கழித்துப் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள்: ஈய பேட்டரியில் 12.6 என்றால் நிறைவு, 12.1 என்றால் பாதி. இன்ஜினை ஓடவிட்டு ஆல்டர்னேட்டரிலும் பேட்டரியிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி கம்பி, அல்லது பச்சை பூத்த டெர்மினல். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அதைப் பார்க்காமலே "பெரிசா போடுங்கண்ணே" என்று சொல்லும் கடையில் பேட்டரி வாங்காதீர்கள்.